புத்தகத்தை மூடிய பிறகு: சி.ஏ. தேர்வும் படிக்கும் முறையும்

2023 நவம்பரில் நடந்த சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் தேறவில்லை. புதிய பாடத்திட்டத்தில் நடந்த 2024 மே தேர்வில் அந்த விகிதம் இருபதை ஒட்டி வந்தது. ஐந்தில் நான்கு பேர் தோற்றாலும் பரவாயில்லை, நல்ல முடிவுதான் என்று பேச வைக்கிற தேர்வு இது. தோற்றவர்கள் படிக்காதவர்களும் அல்லர். இடைநிலைத் தேர்வைத் தாண்டி, ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிளாக இருந்து வவுச்சர்களுக்கு டிக் போட்டு, பிறகு கல்யாணம் காட்சி எதற்கும் போகாமல் மாதக்கணக்கில் அறைக்குள் கிடந்தவர்கள். உறவினர்கள் அவர்களிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறாய்? பத்து, பன்னிரண்டு என்று பதில் வரும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் புத்தகம் எத்தனை மணி நேரம் மூடியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கற்றலைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆய்வுகளைப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தொழில்முறைத் தேர்வுகள் எத்தனையோ உண்டு. இந்தக் கட்டுரைக்கு நான் சி.ஏ.வை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், படிக்கும் முறையில் உள்ள ஓட்டை உடைசல் எல்லாவற்றையும் அது தயவுதாட்சண்யமின்றி வெளியே காட்டிவிடுகிறது என்பதுதான். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் இந்தத் தேர்வில் ஃபவுண்டேஷன், இடைநிலை, இறுதி என்று மூன்று கட்டங்கள். இறுதியில் ஆறு தாள்கள், மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண் வேண்டும். அதோடு குரூப்பின் மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 42 வாங்கியவர் தோற்றவர். 75, 64, 38 என்று வாங்கியவரும் தோற்றவர்தான். அவருக்கு ஓர் ஆறுதல், 60-ஐத் தாண்டிய இரண்டு தாள்களுக்கும் அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை விலக்கு கிடைக்கும். ஆக, பிடிக்காத பாடத்தை ஒதுக்கிவைக்கவும் வழியில்லை, எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை.

தேர்வறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான தாள்களுக்கு மூன்று மணி நேரம், அதற்கு முன்னால் வினாத்தாளைப் படிக்கப் பதினைந்து நிமிடம். 30 மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கு; மீதி 70 விரித்து எழுதுவதற்கு, பதினான்கு பதினான்காக ஐந்து கேள்விகள். கேள்வி ஒரு நிறுவனத்தின் கதையாக வரும். எந்தச் சட்டப்பிரிவு, எந்தக் கணக்கியல் தரநிலை என்று கேள்வியில் இருக்காது. கதையைப் படித்து, இது எந்த விதிக்குள் வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த விதியை ஞாபகத்திலிருந்து எடுத்து, கதைக்குப் பொருத்தி, முடிவு எழுத வேண்டும். கையில் வெற்றுத்தாள், கடிகாரம், பேனா. தயாரிப்பு நாட்களில் இந்த நான்கு வேலைகளில் எதைச் செய்கிறோம்? பெரும்பாலும் எதையுமே செய்வதில்லை. படிக்கிறோம், மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுகிறோம், இரண்டாம் முறை படிக்கும்போது பச்சையால் போடுகிறோம்.

2013-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் நான்கு சக ஆய்வாளர்களும் மாணவர்கள் வழக்கமாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆதாரங்களை அலசி நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்த முறைகள் என்று அதில் தள்ளப்பட்டன. சுருக்கம் எழுதுவதும் அதே வரிசையில் நின்றது, நன்றாக எழுதப் பழகியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் உதவும் என்ற குறிப்போடு. பயன் மிகுந்தவை என்று இரண்டை மட்டுமே சொன்னார்கள்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. மாணவர்கள் எதை அதிகம் செய்கிறார்களோ அது அடியில் இருந்தது. எதைத் தள்ளிப்போடுகிறார்களோ அது உச்சியில் இருந்தது.

ஏன் இப்படி? இதற்கு விடை தரும் சோதனைகளில் எனக்குப் பிடித்தது 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதி கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தவணை படித்தது. இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் தாளை வைத்துக்கொள்ளாமல் நினைவில் நின்றதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்கள் 83 விழுக்காடு சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71. படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து இதே சோதனையை வைத்தபோது கணக்கு தலைகீழானது: திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு முறை படித்த குழுவினர்.

சி.ஏ. மாணவர்களின் அவஸ்தை முழுதும் அந்த நம்பிக்கையில் இருக்கிறது. மூன்றாம் முறை படிக்கும்போது பக்கம் சரளமாக ஓடுகிறது. எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் அந்தப் பக்கத்தின் முகம்தான் பழகியிருக்கிறது. எதிரே வந்தவரை அடையாளம் தெரிகிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிற நிலை. தேர்வு முடிந்து வெளியே வந்து, அந்தக் கேள்வி எனக்குத் தெரியும், ஆனால் எழுத வரவில்லை என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

புத்தகத்தை மூடிவிட்டுச் செய்வதென்றால் என்ன செய்வது? வருவாயை எப்போது கணக்கில் கொள்வது என்று சொல்லும் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏ.எஸ். 115-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் முதுகெலும்பு ஐந்து படிகள்: ஒப்பந்தத்தை அடையாளம் காண்பது, அதில் உள்ள தனித்தனிக் கடமைகளைப் பிரிப்பது, விலையை நிர்ணயிப்பது, அந்த விலையைக் கடமைகளுக்குப் பங்கிடுவது, கடமை நிறைவேறும்போது வருவாயைப் பதிவது. பாடத்தை ஒரு முறை ஒழுங்காகப் படித்தவர், மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் இந்த ஐந்தையும், ஒவ்வொன்றின் கீழும் நினைவுக்கு வருகிற நிபந்தனைகளையும் எழுத வேண்டும். முதல் முறை பாதிதான் வரும். மூன்றாம் படியில் தள்ளுபடி, போனஸ் போன்ற மாறும் தொகைகளை என்ன செய்வது என்பது சுத்தமாக நினைவிருக்காது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் எழுத வேண்டும். அடுத்த வாரம் அதே பயிற்சியை இன்னொரு வெற்றுத்தாளில் செய்யும்போது சிவப்பு குறையும். எந்த இடத்தில் சிவப்பு குறையவில்லையோ அங்கே மட்டும் உட்கார்ந்து படித்தால் போதும். இது அலுப்பூட்டுகிற வேலை, தன்மானத்தைச் சீண்டுகிற வேலை. நான்கு பக்கம் ஹைலைட் செய்து முடித்த திருப்தி இதில் கிடைக்காது. ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவருவதும் இதைத்தான்: கற்கும்போது சிரமமாகத் தோன்றும் சில முறைகள்தான் நீண்ட நாள் நிற்கின்றன.

கடையில் விற்கும் சார்ட் புத்தகங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பாடம் முழுவதையும் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் சுருக்கித் தருகிறார்கள். அழகாக இருக்கும். அதைத் தயாரித்தவருக்கு அந்தப் பாடம் வாழ்நாளுக்கும் மறக்காது. வாங்கியவருக்கு அப்படி இல்லை.

இனி இடைவெளி. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, எவ்வளவு மறந்தது என்று அளந்து நூலாக எழுதினார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலைத் திரும்பக் கற்கும்போது முதலில் பட்ட உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மை. என்றாலும் முதலில் சரேலென்றும் பிறகு மெதுவாகவும் இறங்குகிற அந்தக் கோடு யாரையும் விட்டுவைப்பதில்லை. மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பத் தொட்டால் அடுத்த இறக்கம் மெதுவாகும். எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதற்கு 2008-இல் நிக்கலஸ் செப்பேடாவும் சகாக்களும் 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒரு தோராயமான விடை தருகிறது. ஒரு வாரம் கழித்துச் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளியில் திரும்பப் படித்தது நல்ல பலன் தந்தது. ஓராண்டு கழித்து என்றால் மூன்று வாரம் போல விட்டுப் படித்தது. நினைவில் நிற்க வேண்டிய காலம் நீள நீள இடைவெளியும் நீள வேண்டும், அதே விகிதத்தில் அல்லாமல் கொஞ்சம் குறைவாக.

இந்த முறைக்கும் நம் உள்ளுணர்வுக்கும் ஒத்துப்போகாது. 2009-இல் நேட் கார்னெல் ஃபிளாஷ் கார்டுகளை வைத்துச் செய்த ஆய்வில், இடைவெளி விட்டுப் படித்தது பங்கேற்றவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அதிகப் பலன் தந்தது. ஆனால் முதல் அமர்வு முடிந்ததும் கேட்டபோது 72 விழுக்காட்டினர் ஒரே மூச்சில் படித்ததுதான் நன்றாக இருந்தது என்றார்கள்.

சி.ஏ.வின் இப்போதைய அமைப்பில் இது நேராக வந்து மோதுகிற இடம் ஆர்ட்டிகிள்ஷிப். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் இறுதித் தேர்வு எழுத முடியும். அந்த ஆறு மாதம் படிப்புக்கென்றே கிடைக்கிறது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ்வதில் நியாயமும் உண்டு. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. எப்படியும் ஆறு மாதம் இருக்கிறதே என்று இரண்டு ஆண்டும் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, ஆறு பாடத்தையும் அந்த ஆறு மாதத்துக்குள் முதல் முறையாகத் திறக்கிறார்கள். முதல் நான்கு மாதம் வகுப்பு வீடியோ பார்த்தே ஓடிவிடும். மீதி இரண்டு மாதத்தில் ரிவிஷன் என்ற பெயரில் நடப்பது இரண்டாம் வாசிப்பு. இடைவெளி விட்டுப் படிக்க இடைவெளியே இருக்காது.

இரண்டு ஆண்டுப் பயிற்சியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் பையனால் நான்கு மணி நேரம் உட்கார முடியாது. செப்டம்பர் வந்தால் வரித் தணிக்கை அறிக்கைக்கு 30-ஆம் தேதி கெடு, பல அலுவலகங்களில் ஞாயிறுகூட இருக்காது. ஆனால் நாற்பது நிமிடம் கிடைக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் புதுப் பாடம் தொடங்குவதைவிட, மூன்று வாரத்துக்கு முன் படித்த பாடத்தை வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பது லாபம். இதில் அலுவலக வேலையே கைகொடுக்கும். கடனாளிகளிடமிருந்து நிலுவை உறுதிக் கடிதம் வாங்க, பயிற்சி தரும் ஆடிட்டரான பிரின்சிபல் அனுப்புகிறாரா? அது தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 505. ஆயிரம் பில்களில் அறுபதை மட்டும் பொறுக்கிப் பார்க்கச் சொல்கிறாரா? எஸ்.ஏ. 530. பகலில் கையால் செய்ததை இரவில் விதியோடு கோத்துப் பார்ப்பவருக்கு அந்த விதி கதையோடு சேர்ந்து நிற்கும். ஆர்ட்டிகிள்ஷிப்பைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று சொல்லாத மாணவரைக் காண்பது அரிது. என் கணிப்பில் அதன் பாதிப் பயன் இப்படி வீணாகிறது.

மூன்றாவது விஷயம் கலந்து பயிற்சி செய்வது. இதை டன்லாஸ்கி குழு நடுத்தரப் பயனுள்ளது என்றே மதிப்பிட்டது. சி.ஏ. மாதிரித் தேர்வுக்கு நான் இதை ஒரு படி மேலே வைப்பேன். 2007-இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் மாணவர்களுக்கு நான்கு வகை வடிவங்களின் கன அளவைக் கணக்கிடச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. மற்றது நான்கையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வகை வகையாகப் போட்டவர்கள் 20-க்கு விழுந்தார்கள். கலந்து போட்டவர்கள் 63. காரணம் எளிது. ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டாம். அத்தியாயத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது.

தணிக்கைத் தாளிலிருந்து ஓர் உதாரணம். ஒரு நிறுவனத்துக்குத் தொடர்ந்து நஷ்டம்; வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது; தொழில் தொடர்ந்து நடக்குமா என்பது சந்தேகம். தணிக்கையாளர் தன் அறிக்கையில் என்ன எழுத வேண்டும்? எஸ்.ஏ. 570 அத்தியாயத்தை முடித்த கையோடு இந்தக் கேள்வி வந்தால் எல்லோரும் 570 என்று தொடங்குவார்கள். ஆனால் உண்மையான கேள்வி அடுத்த வரியில் ஒளிந்திருக்கும்: இந்த நிலைமையை நிர்வாகம் நிதிநிலைக் குறிப்புகளில் ஒழுங்காக வெளியிட்டதா இல்லையா? வெளியிட்டிருந்தால், கருத்து மாறாது; தொழில் தொடர்ச்சி பற்றிய நிச்சயமின்மை என்று தனித் தலைப்பில் எழுதினால் போதும். போதுமான அளவு வெளியிடவில்லை என்றால் எஸ்.ஏ. 705-இன்படிக் கருத்தையே திருத்த வேண்டும், குறைகூறும் கருத்தோ எதிர்மறைக் கருத்தோ தர வேண்டும். பக்கத்திலேயே எஸ்.ஏ. 706 வேறு நிற்கிறது, வாசகரின் கவனத்தை ஒரு விஷயத்தின் மேல் ஈர்க்கும் பத்தி அது, கருத்தைத் தொடாது. மூன்றையும் தனித்தனியே படித்தவர் மூன்றையும் ஒப்பிப்பார். கதையில் எது பொருந்தும் என்று பிரிக்க, மூன்றின் கேள்விகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுப் பழகியிருக்க வேண்டும். கழகம் ஒவ்வொரு தேர்வுக்கும் வெளியிடும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பரும் மாதிரித் தேர்வுத் தாள்களும் இந்தக் கலந்த பயிற்சிக்கு ஆயத்தமாகக் கிடக்கின்றன, இலவசமாக. பெரும்பாலோர் அவற்றைக் கடைசி வாரத்தில் விடையோடு சேர்த்து வாசிக்கிறார்கள். விடையோடு சேர்த்து வாசித்த வினாத்தாள் செத்த வினாத்தாள்.

இந்த ஆய்வுகள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து, சின்னப் பாடங்களைக் கொண்டு செய்தவைதானே, ஆயிரக்கணக்கான பக்கம் கொண்ட தொழில் படிப்புக்குப் பொருந்துமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. மருத்துவத் துறையில் ஒரு விடை இருக்கிறது. 2009-இல் டக்ளஸ் லார்சனும் குழுவினரும் குழந்தை மருத்துவத்திலும் அவசர சிகிச்சையிலும் பயிற்சி பெறும் மருத்துவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு தலைப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொன்றில் திரும்பத் திரும்பத் தேர்வு எழுதினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தேர்வு எழுதிய தலைப்பில் 39 விழுக்காடு, படித்த தலைப்பில் 26. வேலைப்பளுவுக்கு நடுவே படிக்கும் பெரியவர்கள், ஆறு மாத இடைவெளி: சி.ஏ. மாணவரின் நிலைமைக்கு இதைவிட நெருங்கிய சோதனை எனக்குத் தெரியாது. ஆனால் 39-ஐயும் கவனியுங்கள். சிறந்த முறையில் படித்தும், இடையில் தொடாமல் விட்டால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. முறை மட்டும் போதாது, திரும்பத் தொடும் எண்ணிக்கையும் வேண்டும்.

அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது மாணவர்கள் ஒன்றரை நாள் என்று சொல்லும் கணக்கு. தாள்கள் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ஒரு தேர்வு மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அடுத்தது மறுநாள் கழித்து மதியம் இரண்டு மணிக்கு. நடுவில் கிடைக்கும் ஒன்றரை நாளில் ஒரு பாடம் முழுவதையும் புரட்டி முடிக்க வேண்டும். அந்த வேகத்தில் புரட்ட முடியாத நோட்ஸ், எவ்வளவு அருமையாக இருந்தாலும், அன்றைக்கு உதவாது. அதனால் திட்டத்தைப் பின்னிருந்து போட வேண்டும்: கடைசிச் சுற்று ஒன்றரை நாள், அதற்கு முந்தியது நான்கைந்து நாள், அதற்கு முந்தியது பத்துப் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு சுற்றிலும் நோட்ஸ் இளைக்க வேண்டும். இளைப்பதற்கு ஒரே நேர்மையான வழி, எழுதிப் பார்க்கும்போது தானாக வந்துவிடுகிற பகுதியை அடித்துவிடுவது. கடைசியில் மிஞ்சுவது உங்களுக்கு மட்டும் வராதவை. அடுத்தவர் நோட்ஸ் ஒன்றரை நாளில் உதவாததற்குக் காரணமும் இதுதான். அது அவருக்கு வராதவற்றின் பட்டியல்.

பாடங்களை ஏ, பி, சி என்று முக்கியத்துவப்படி பிரிக்கும் வழக்கமும் உண்டு. முன்பு அதிகம் கேட்கப்பட்டவை ஏ. சி வகையை ஒரு முறை மட்டும் படித்துவிட்டு விடுவார்கள். 40 வாங்கினால் போதும் என்ற தாளுக்கு இது செல்லலாம். மொத்தத்தைத் தூக்கிப்பிடிக்க 65 எடுத்தே தீர வேண்டிய தாளுக்குச் செல்லாது. எந்தத் தாளை எதற்காக எழுதுகிறோம் என்ற முடிவு முதலில் வர வேண்டும். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால் ஒரு குரூப்பின் குறையை மற்றதன் உபரி ஈடுகட்டும் என்பதால் சேர்த்தே எழுதச் சொல்கிறார்கள். ஆறு பாடத்துக்கும் மூன்று சுற்று முடித்தவருக்கு அது சரியான அறிவுரை. முடிக்காதவருக்கு ஒன்றை ஒழுங்காக எழுதுவதுதான் சரி. 2025 முதல் இறுதித் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால், காத்திருக்கும் காலமும் முன்பு போல ஆறு மாதம் இல்லை.

மனப்பாடத்தை எவ்வளவு நம்பலாம்? வருமான வரித் தாளில் பிரிவு எண்களை உருப்போடுவது ஒரு கலாசாரமாகவே இருந்துவந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வருமான வரிச் சட்டம் 2025 வருகிறது, 536 பிரிவுகளோடு. ஊரே அறிந்த 80சி அதில் 123 ஆகிறது. எண்ணை மட்டும் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாக உருப்போட வேண்டும். எந்தச் செலவுக்கு ஏன் கழிவு, யாருக்குக் கிடைக்கும், எந்த நிபந்தனையில் பறிபோகும் என்று புரிந்து வைத்திருந்தவர்களுக்கு மாற வேண்டியது எண் மட்டுமே. எண் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தவறான எண் எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல். சரியான எண், திருத்துபவருக்கு நல்ல அபிப்பிராயத்தைத் தரும். ஆனால் மதிப்பெண்ணின் பெரும்பகுதி விதி, கதைக்குப் பொருத்தம், முடிவு என்ற மூன்று பத்திகளில் இருக்கிறது.

இன்னும் சில விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பப் படிக்கச் சொல்லும் போதனைக்கு ஆதாரம் இல்லை என்று 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வகுப்பு விளம்பரங்களில் அது உயிரோடு இருக்கிறது. வீடியோவை ஒன்றரை, இரண்டு மடங்கு வேகத்தில் பார்ப்பதால் புரிதல் பெரிதாகக் கெடுவதில்லை என்று கலிபோர்னியாவில் செய்த ஆய்வு காட்டுகிறது. வேகம் பிரச்சினையில்லை, பார்த்து முடித்ததைப் படித்து முடித்ததாக எண்ணுவதுதான் பிரச்சினை. தூக்கத்தைக் குறைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்: படித்தபின் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தார்கள் என்பது 1924-லிருந்தே தெரிந்த விஷயம்.

தமிழ் வழியில் பள்ளி முடித்து வருகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் எழுத வழியில்லை. இவர்கள் பலர் புரியாத ஆங்கில வாக்கியத்தை அப்படியே நெட்டுருப் போடுகிறார்கள். கதை கொஞ்சம் திரும்பியதும் வாக்கியம் கைவிட்டுவிடுகிறது. முதலில் விதியைத் தமிழில் யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பார்ப்பது நல்லது, தம்பிக்கோ சுவருக்கோ. இந்தக் கடன் வாராக்கடன்தான்னு வருஷம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது, ஆனா அந்த ஆள் வருஷம் முடியறதுக்குள்ளேயே நொடிச்சுப்போயிருந்தான், அதனால இந்த வருஷக் கணக்குலயே சரி பண்ணணும் என்று சொல்ல வந்துவிட்டால் இண்ட் ஏ.எஸ். 10-இன் பாதி வந்துவிட்டது. ஆனால் அங்கே நின்றுவிடக் கூடாது. வெற்றுத்தாளில் எழுதும் பயிற்சி ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும், சின்னச் சின்ன வாக்கியங்களில். தேர்வறையில் மொழிபெயர்க்க நேரம் கிடையாது. கொள்குறி வினாக்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால், மீதி 135 நிமிடத்தில் ஐந்து கேள்வி. ஒன்றுக்கு 27 நிமிடம். வாரம் ஒரு முறையாவது கடிகாரத்தை வைத்து 27 நிமிடத்தில் ஒரு கேள்வி எழுதிப் பார்க்காதவர், நான்காவது கேள்வியில் சிக்குவார், ஐந்தாவதைப் பாதியில் விடுவார்.

தோற்றவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முடிவு வந்தபின் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் திருத்திய விடைத்தாளின் நகலைக் கழகம் தருகிறது. மறுகூட்டலில் இரண்டு மதிப்பெண் கூடுமா என்று பார்க்கத்தான் பலர் வாங்குகிறார்கள். வாங்கியவர்கள் அதைக் கழகம் வெளியிடும் விடைக்குறிப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்கலாம்: விதியே தெரியாமல் போன இடம் எது, தெரிந்தும் வேறு விதியைப் போட்ட இடம் எது, எல்லாம் எழுதிவிட்டு முடிவு எழுதாமல் விட்ட இடம் எது, நேரம் போதாமல் காலியாக விட்ட பக்கம் எது. முதல் வகைக்கு மருந்து வாசிப்பு. இரண்டாவதற்குக் கலந்த பயிற்சி. மூன்றாவதும் நான்காவதும் எழுதிப் பழகாத குறை. அடுத்த அட்டெம்ப்ட்டுக்குப் புது வகுப்பில் சேர்ந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதற்கு முன்பு, இந்த நான்கு கட்டத்தில் எதில் எத்தனை மதிப்பெண் போயிருக்கிறது என்று கூட்டிப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.